பாட்டா வீட்டுப் பழைய போட்டோவும் ஒரு ஸ்கிராப்புக் பக்கமும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் கேம்ஸ் ஆடுவார்கள், படம் பார்ப்பார்கள். இரண்டாவது மாதம் "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டவர்களுக்கு நான் சொல்லும் பதில்: வீட்டில் சுவரில் தொங்கும் பழைய குடும்பப் போட்டோவை இறக்குங்கள். அது இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நெல்லுக்கும் வாழைக்கும் நல்லது, போட்டோவுக்குக் கேடு. பூதப்பாண்டி பக்கம் எங்கள் பாட்டா வீட்டில் ஒரு குரூப் போட்டோ இருந்தது. முற்றத்தில் நாற்காலி போட்டு பாட்டாவும் ஆச்சியும் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் நிற்கிற படம். ஃபிரேமுக்குள் தண்ணீர் இறங்கி இடது ஓரம் முழுக்கக் காபி நிறத்தில் கறை. அந்த ஓரத்தில் நிற்கும் நான்கு வயதுப் பெண் குழந்தையின் முகம் கறைக்குள் போய்விட்டது. மூக்கும் வாயும் இருந்த இடத்தைப் பூஞ்சை தின்றிருந்தது.

அந்தக் குழந்தை என் பெரியம்மையின் தங்கை. படம் எடுத்து இரண்டு வருடத்தில் காய்ச்சலில் போய்விட்டது. என் அம்மை அப்போது பிறக்கவே இல்லை. அவளுக்கு வேறு படம் கிடையாது. அவளை நேரில் பார்த்தவர்களில் இன்று இருப்பது பெரியம்மை ஒருவர்தான். அவருக்கு எண்பத்து நான்கு வயது. இந்தப் படத்தை நடுவில் வைத்துப் பழைய கால ஆல்பம் மாதிரி ஒரு ஸ்கிராப்புக் பக்கம் செய்து அவருக்குக் கொடுக்க நினைத்தேன். அதை எப்படிச் செய்தேன், எங்கே சொதப்பினேன் என்று சொல்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டுப் படத்தை வைத்துச் செய்து பாருங்கள்.

ஸ்கிராப்புக் என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். போட்டோ, கடிதம், டிக்கெட், பத்திரிகைத் துண்டு என்று நினைவுக்குரியவற்றை ஒரு நோட்டில் ஒட்டிப் பக்கத்தில் குறிப்பு எழுதி வைப்பது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், முன்கூட்டியே பசை தடவிய ஸ்கிராப்புக் ஒன்றைக் கண்டுபிடித்து 1873-ல் அதற்குப் பேடன்ட் வாங்கினார். நாம் பசை இல்லாமலே ஒட்டப் போகிறோம். ஒட்டியது பிடிக்கவில்லை என்றால் கண்ட்ரோல் + இசட் தட்டினால் போதும்.

முதலில் போட்டோவைக் காப்பாற்றுங்கள்

ஃபிரேமின் பின்பக்க அட்டையை மெதுவாகக் கழற்றுங்கள். போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது. இழுத்தால் படம் கண்ணாடியில் தங்கிவிடும், வெறும் காகிதம்தான் கையில் வரும். அப்படி ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு சேர்த்தே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தூசியை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம். கிழிசலில் செல்லோ டேப் ஒட்டவும் வேண்டாம். இராமபாணப் பூச்சி தின்றதைவிட டேப் ஒட்டிப் பாழான படங்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். எங்கள் படத்தின் பின்னால் மையில் "1123 சித்திரை" என்று எழுதியிருந்தது. பார்த்ததும் என் மகன் "ஆயிரம் வருடப் பழைய போட்டோவா?" என்று கேட்டான். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி கேரளப் பக்கத்தோடுதான் இருந்தது. பத்திரம், ஜாதகம், கல்யாணக் குறிப்பு எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டுதான். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். எனவே ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதி என்றால் 824-ஐக் கூட்டுங்கள், ஜனவரிக்கு மேல் என்றால் 825-ஐக் கூட்டுங்கள். 1123 + 825 = 1948. அதாவது 1948 ஏப்ரல், மே வாக்கில் எடுத்த படம். உங்கள் வீட்டுப் படத்திலும் 1100-ஐ ஒட்டி ஏதாவது எண் இருந்தால் இப்படிக் கணக்குப் போடுங்கள்.

ஸ்கேன் செய்வது

பிரிண்டரோடு சேர்ந்து வரும் சாதாரண ஸ்கேனரே போதும். விண்டோஸிலேயே இருக்கும் விண்டோஸ் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன் புரோகிராமைத் திறந்து நியூ ஸ்கேன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வரும் பெட்டியில் மூன்று விஷயங்களை மாற்ற வேண்டும். ரெசல்யூஷன் 600 டிபிஐ. ஃபைல் டைப் டிஃப். கலர் ஃபார்மேட் என்பதில் கலர்.

"கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்குக் கலர்?" என்று நானும்தான் கேட்டேன். முதல் தடவை கிரேஸ்கேலில், 100 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து ஜேபெக் ஆகச் சேமித்து, வேலை முடிந்தது என்று போட்டோவை மறுபடி ஃபிரேமில் மாட்டிவிட்டேன். திரும்ப இறக்க வேண்டி வந்தது. கறை பழுப்பு நிறம், படம் சாம்பல் நிறம். கலரில் ஸ்கேன் செய்தால்தான் கம்ப்யூட்டரால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். கிரேஸ்கேலில் எல்லாம் ஒரே சாம்பல். இந்த ஒரு விஷயம்தான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

6 அங்குலத்துக்கு 4 அங்குலப் படம் 600 டிபிஐ-யில் 3600 x 2400 பிக்சல் வரும். டிஃப் ஃபைல் சுமார் 25 எம்பி. பெரிதுதான், இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சினிமா பிடிக்கும் இடத்தில் இதுமாதிரி நாற்பது படம் வைக்கலாம். பின்பக்கத்தையும் அதேபோல் ஸ்கேன் செய்யுங்கள். முதலில் எடுத்த டிஃப் ஃபைலை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைத்துவிட்டு, நகலில்தான் வேலை செய்ய வேண்டும்.

ஸ்கேனர் இல்லையா? ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடத்தில் படத்தை வைத்து, செல்போனை அதற்கு நேர் மேலே சாயாமல் பிடித்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

நான் செய்த தப்பு

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செல்போனில் இப்போது பழைய படத்தைப் புதிதாக்கும் ஆப்கள் ஏராளம். படத்தைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் கறையெல்லாம் போய், கலரும் ஏறி வந்துவிடும். நானும் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். அசந்துபோனேன். கறைக்குள் இருந்த குழந்தைக்கு முகம் வந்துவிட்டது. பளபளவென்று கண், சின்ன மூக்கு, லேசான சிரிப்பு. அன்றைக்கே பெரியம்மை வீட்டுக்கு ஓடினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது ஆரு மக்கா?" என்றார்.

"உங்க தங்கச்சி, பெரியம்மை."

"அவளுக்கு இந்த மூக்கு இல்லல்லா. சினிமாக்காரப் பிள்ளை மாதிரில்லா இருக்கு. நம்ம வீட்டுப் பிள்ளை இல்ல இது." சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். ஆச்சியின் சேலை ஆப்பில் நீலமாக வந்திருந்தது. அது அரக்குச் சிவப்பு என்றும் சொன்னார்.

அவர் சொன்னது சரிதான். இந்த ஆப்கள் அழிந்ததை மீட்பதில்லை. லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியதால், இந்த இடத்தில் இப்படி ஒரு முகம் இருக்கலாம் என்று ஊகித்து வரைந்து வைக்கின்றன. கலரும் அப்படியே. சுவரில் விழுந்த கீறலை அழிக்க இது பயன்படலாம். முகத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பெரியம்மை இல்லாத காலத்தில் என் பேரப்பிள்ளைகள் அந்த அந்நிய முகத்தையே உண்மை என்று நம்பியிருப்பார்கள். அந்த ஃபைலை அழித்துவிட்டேன்.

கறையை நீக்குவது

இதற்கு ஜிம்ப் என்ற இலவச புரோகிராம் போதும். ஜிம்ப் டாட் ஓஆர்ஜி தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது. நான் சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

டிஃப் ஃபைலை ஜிம்ப்பில் திறந்து, லேயர் மெனுவில் டூப்ளிகேட் லேயர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். லேயர் என்பது வேறொன்றுமில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள். மேல் தாளில் என்ன செய்தாலும் கீழ்த் தாள் அப்படியே இருக்கும். மேல் லேயர் தேர்வாகியிருக்கும்போது கலர்ஸ் மெனுவில் காம்பொனன்ட்ஸ், அதில் எக்ஸ்ட்ராக்ட் காம்பொனன்ட் என்பதைத் திறங்கள். அங்குள்ள லிஸ்ட்டில் ஆர்ஜிபி ரெட், ஆர்ஜிபி கிரீன், ஆர்ஜிபி புளூ என்று இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். புளூவில் கறை கன்னங்கரேல் என்று தெரியும். ரெட்டில் பெருமளவு மறைந்துவிடும். காரணம் எளிது. பழுப்பு, மஞ்சள் கறைகள் நீல ஒளியை விழுங்கிக்கொள்ளும், சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். எனவே சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கறை தெரியாது. ரெட்டைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள்.

நான் ரெட் என்று மாற்றிய அந்த நொடியில் கறைக்குள்ளிருந்து ஒரு நெற்றி வந்தது. ஒரு கண், ஒரு காது, ரிப்பன் கட்டிய தலைமுடி. மூக்கும் வாயும் வரவில்லை, பூஞ்சை தின்றதைக் கம்ப்யூட்டர் கொண்டுவர முடியாது. ஆனால் அந்தக் கண்ணை யாரும் வரையவில்லை. 1948-ல் கேமராவுக்குள் போன கண் அது.

அடுத்து கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ். ஒரு மலை மாதிரி கிராஃப் தெரியும். அதன் அடியில் இடது ஓரத்தில் கறுப்பு முக்கோணம், வலது ஓரத்தில் வெள்ளை முக்கோணம். இரண்டையும் மலை தொடங்கும் இடம், முடியும் இடம் வரை உள்ளே தள்ளுங்கள். வெளிறிய படம் தெளிவாகும். அதற்கு மேல் தள்ளினால் வெள்ளை வேட்டியின் மடிப்பெல்லாம் மறைந்துவிடும், ஜாக்கிரதை.

சிறு புள்ளிகளுக்கு ஹீல் டூல். கீபோர்டில் எச் தட்டினால் வரும். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு புள்ளிக்குப் பக்கத்தில் சுத்தமான இடத்தில் ஒரு கிளிக், பிறகு கீயை விட்டுவிட்டுப் புள்ளியின் மேல் ஒரு கிளிக். சுவர், தரை, துணி ஆகியவற்றில் தாராளமாகச் செய்யலாம். முகங்களில் நான் கை வைக்கவில்லை.

பழைய நிறம் வேண்டுமானால் கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட், அதில் செபியா. எஃபெக்ட் ஸ்ட்ரெங்த் 0.5 போதும், முழுதாக வைத்தால் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும். செபியா என்ற பெயர் கணவாய் மீனின் மையிலிருந்து வந்தது. நம் கடற்கரைச் சந்தைகளில் கணவாய் வாங்குகிறவர்கள் கையில் ஒட்டும் அதே மைதான்! பழைய ஸ்டூடியோக்காரர்கள் அழகுக்காக மட்டும் படத்தைப் பழுப்பாக்கவில்லை. படத்தில் உள்ள வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து சில்வர் சல்பைடாக மாறினால் சீக்கிரம் மங்காது. செபியா படங்கள் இன்றும் நன்றாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜிம்ப்பில் சேவ் கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்த வகையில்தான் சேமிக்கும். லேயர்கள் எல்லாம் பிரிந்து இருக்கும், பிறகு திருத்தலாம். மற்றவர்கள் பார்க்கும்படியான ஃபைல் வேண்டுமானால் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ். இரண்டையும் செய்யுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது பிஎன்ஜி வகையைத் தேர்ந்தெடுங்கள்.

பக்கம் தயாரிப்பது

ஃபைல் மெனுவில் நியூ. டெம்ப்ளேட் லிஸ்ட்டில் ஏ4, 300 பிபிஐ என்று இருக்கும். 2480 x 3508 பிக்சல் அளவில் வெற்றுப் பக்கம் கிடைக்கும்.

பின்னணிக்கு நெட்டில் தேட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளைக் கட்டன் சாயாவில் ஐந்து நிமிடம் ஊறப்போட்டு எடுத்து, நிழலில் காயவைத்து, சுருக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். இதைவிட நல்ல பழைய காகிதம் எந்தத் தளத்திலும் கிடைக்காது. தாள் நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்கேனரில் வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்கேனர் கண்ணாடிக்கும் சாயா கிடைக்கும். அவசரமென்றால் வெறும் நிறமும் போதும். கலர் பெட்டியில் 0..255 என்பதைத் தேர்ந்தெடுத்து ரெட் 232, கிரீன் 217, புளூ 181 என்று கொடுத்து, பக்கெட் ஃபில் டூலால் பக்கத்தின் மேல் கிளிக் செய்யுங்கள்.

இனி ஒட்டுவதுதான். ஃபைல் மெனுவில் ஓபன் ஆஸ் லேயர்ஸ் கொடுத்து, சரிசெய்த போட்டோவைக் கொண்டுவாருங்கள். அது பக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும், பயப்பட வேண்டாம். லேயர் மெனுவில் ஸ்கேல் லேயர் போய் அகலத்தை 1800 பிக்சல் ஆக்குங்கள். பிரிண்ட் எடுத்தால் ஒரிஜினல் போட்டோவின் அதே 6 அங்குலம் வரும். ஃபில்டர்ஸ் மெனுவில் லைட் அண்ட் ஷேடோ, அதில் டிராப் ஷேடோ. எக்ஸ், ஒய் இரண்டுக்கும் 8 கொடுங்கள். படம் காகிதத்தின் மேல் உண்மையாகவே ஒட்டியது போல நிழல் விழும்.

பின்பக்கத்தில் இருந்த கையெழுத்தையும் இதே போல லேயராகக் கொண்டுவந்து, அந்த எழுத்துப் பகுதியை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட்டேன். லெவல்ஸில் அதன் பின்னணியை வெள்ளையாக்கி, லேயர்ஸ் பெட்டியின் மேலே உள்ள மோட் என்பதில் மல்டிப்ளை என்று மாற்றினேன். வெள்ளை காணாமல் போய் எழுத்து மட்டும் நேரடியாகத் தாளில் எழுதியதுபோல நின்றது. எனக்கு மிகப் பிடித்த வித்தை இதுதான்.

வேறு என்ன ஒட்டலாம்? உங்கள் வீட்டுப் பெட்டியைக் கிளறுங்கள். எங்களுக்குக் கிடைத்தவை, சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் அஞ்சல் உறை ஒன்று, ஒரு செம்புச் சக்கரம், ஆச்சி சேலையின் ஒரு துண்டு. திருவிதாங்கூருக்குத் தனி அஞ்சல் இருந்தது, 1951-ல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. காசும் தனி. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். உறையையும் துணியையும் ஸ்கேன் செய்யலாம். நாணயத்தைச் செல்போனில் எடுங்கள். இப்போதைய மெல்லிய ஸ்கேனர்கள் கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே தெளிவாகப் பார்க்கும், மேடு பள்ளம் மங்கிவிடும். நாணயத்தைச் சுற்றி எலிப்ஸ் செலக்ட் டூலால் வட்டம் போட்டு, லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி, அதில் ஆட் ஆல்ஃபா சேனல் கொடுத்து, செலக்ட் மெனுவில் இன்வர்ட் கொடுத்து, டெலீட் தட்டினால் நாணயம் மட்டும் நிற்கும். அதற்கும் ஒரு டிராப் ஷேடோ.

இந்த மூன்றோடு நான் நிறுத்திக்கொண்டேன். பூ, பட்டாம்பூச்சி, ரிப்பன் என்று போட ஆரம்பித்தால் கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி ஆகிவிடும், போட்டோவை யாரும் பார்க்க மாட்டார்கள்.

குறிப்பு எழுத டெக்ஸ்ட் டூல் இருக்கிறது. யூனிகோட் எழுத்துரு எதுவும் வேலை செய்யும், விண்டோஸில் வரும் நிர்மலா யூஐ போதும். விண்டோஸ் செட்டிங்ஸில் தமிழ் மொழியைச் சேர்த்துவிட்டால் விண்டோஸ் கீ + ஸ்பேஸ்பார் தட்டித் தமிழுக்கு மாறலாம். ஆனால் வீட்டில் பெரியவர் இருந்தால் டைப் செய்யாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் கொடுத்து அவரையே எழுதச் சொல்லுங்கள். அதை ஸ்கேன் செய்து, மேலே சொன்ன மல்டிப்ளை முறையில் ஒட்டுங்கள். பெரியம்மைக்குக் கை நடுங்கும். நான்கு வரி எழுத அரை மணி நேரம் ஆனது. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கிறது, நான் நிமிர்த்தவில்லை.

அன்றுதான் அவருக்கு ரெட் சேனல் படத்தைக் காட்டினேன். முகம் பாதிதான் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மானிட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று, அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தார். "இது என் கம்மலாக்கும். படம் எடுக்கதுக்குன்னு அழுது வாங்கிப் போட்டா. பொறவு தரவே இல்ல." சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பக்கத்தை மேட் போட்டோ பேப்பரில் இரண்டு பிரிண்ட் எடுத்தேன். பிரிண்ட் பெட்டியில் குவாலிட்டி ஹை, பேப்பர் வகை மேட் என்று மாற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் மை பரவும். ஒன்று பெரியம்மையிடம். இன்னொன்றின் பின்னால் அவர் சொல்லச் சொல்ல, இடமிருந்து வலமாக எல்லோருடைய பெயரையும் பென்சிலால் எழுதினேன். வருடத்தை இரண்டு விதமாகவும் போட்டேன், 1123 என்றும் 1948 என்றும். வலது கோடியில் தலைப்பாகையோடு நிற்பவர் யாரென்று அவருக்கும் ஞாபகமில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.